பன்னிரண்டாம் வீட்டின் அகலம்

அவர் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது என்னையும் பார்க்கவில்லை, என் வீட்டுக்காரரையும் பார்க்கவில்லை. வாசக்காலைத்தான் பார்த்தார். கல்யாணமாகி நான் மலாயாவில் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. மலைக்குளிர் பழகாமல் அடுப்போரம் சுருண்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றியவர், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, வாசக்காலின் மேல்மூலையில் ஒரு சின்னக் கோடு கிழித்தார்.

"ஒன்னே கால் அங்குலம் சாஞ்சிருக்கு தம்பி. கதவச் சாத்தினாலும் காத்து வரும். புதுப் பொண்ணுக்குக் குளிருமில்ல? நாளைக்கு வந்து சரி பண்ணிடறேன்லா."

சொன்னபடி மறுநாள் வந்தார். கதவைக் கழற்றி, இழைத்து, மாட்டினார். அன்று மாலை கதவைச் சாத்திவிட்டு அதன் இடுக்கில் கை வைத்துப் பார்த்தேன். காற்று வரவில்லை. அந்த மலையில் எனக்கு முதலில் பிடித்துப்போன மனிதர் அவர்தான்.

தோட்டத்தில் வீடு பழுதுபார்க்கும் தச்சர் அவர். எல்லோரும் அளவுக்காரர் என்றே சொல்வோம். அவரிடம் தோல் உறைக்குள் சுருண்டிருக்கும் நீளமான துணி நாடா ஒன்று உண்டு. முனையில் பித்தளை வளையம் தொங்கும். சட்டைப்பையில் மடக்கு அளவுகோல் இருக்கும். உட்காரச் சொல்லி ஒரு பெட்டியைப் போட்டால், அது எத்தனை அங்குல உயரம் என்று கண்ணாலேயே சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். யாராவது சந்தேகப்பட்டால் கோலை எடுத்து வைத்துக் காட்டுவார். அவர் சொன்னதற்கும் கோல் சொன்னதற்கும் வித்தியாசம் இருந்து நான் பார்த்ததில்லை.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தின் முதல் வீட்டில் தனியாக இருந்தார். எங்களுடையது ஏழாம் வீடு. மொத்தம் பன்னிரண்டு வீடுகள், ஒரே கூரை. முன்னால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஒரே நடைத் திண்ணை ஓடும், ஐந்தடி என்போம். ஆற்றுக்கல் அடுக்கிய மேடையின்மேல் மரத்தூண்கள். கல்லுக்கும் தூணுக்கும் நடுவே தார் பூசிய தகரத் துண்டு ஒன்று இருக்கும், கரையான் ஏறாமலிருக்க. பலகைச் சுவர்கள், பலகைத் தரை, மேலே தகரக் கூரை. ஒவ்வொரு வீடும் உள்ளே பத்தடி அகலம், பன்னிரண்டடி ஆழம். வீட்டுக்கு வீடு நடுவிலுள்ள சுவர் ஏழடி உயரத்தோடு நின்றுவிடும். அதற்குமேல் கூரை முகடுவரை திறந்துதான் கிடக்கும். அடுப்புப் புகை அந்த வழியாகப் பன்னிரண்டு வீட்டுக்கும் பொதுவாகப் போய் வரும். கொஞ்சம் சூடும் அதோடு வரும். சத்தமும் வரும். முதல் வீட்டில் யாராவது தும்மினால் கடைசி வீட்டில் "நூறு" என்பார்கள். புருசன் பெண்டாட்டி சண்டைக்கு மறுநாள் காலை ஆள் எண்ணும் பெரட்டில் நின்றபடி நியாயம் சொல்வார்கள்.

இதையெல்லாம் பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். "ஏன் அண்ணே செவுத்த மேலவரைக்கும் கட்டாம விட்டாங்க? பலக பத்தலியா?" என்று கேட்டேன்.

"பலக மிச்சம்னு கட்டினான் வெள்ளைக்காரன். ஆனா அதுதான் இந்த லயத்தக் காப்பாத்துது தங்கச்சி. மேல அடைச்சிட்டா புகை நிக்கும், ஈரம் நிக்கும், பத்து வருசத்துல பலக இத்துப் போயிடும். மூச்சு விட இடம் இருக்கு. அதான் நிக்குது."

அவர் சொன்னது சரி. லயம் இன்றைக்கும் நிற்கிறது. போன வருடம் என் மகள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம், இடிக்கவோ மாற்றவோ கூடாது என்று பலகை நட்டிருக்கிறார்கள். வெளியூர் ஆட்கள் ஐந்தடியில் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பச்சைச் சாயம் பூசிய கதவுகள். ஒரு வீட்டில்கூட அடுப்பு இல்லை.

அவரை எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். மரியாதை இருந்தது. கொஞ்சம் பயமும் இருந்தது. அவர் கால் அங்குலம்கூட விட்டுக்கொடுக்கமாட்டார். ஒன்பதாம் வீட்டில் நான்கு வயதுப் பிள்ளை காய்ச்சலில் இறந்துபோனபோது சவப்பெட்டி செய்தது அவர்தான். பிள்ளையின் தாய் அழுதுகொண்டே, "கொஞ்சம் தாராளமா செய்ங்க அண்ணே. எம் புள்ள இடிபடாமப் படுக்கட்டும்" என்றாள். அவர் தலையை ஆட்டவில்லை. "அளவா இருந்தாதான் தூக்கிட்டுப் போறப்ப அசையாது" என்றார். பெட்டி பிள்ளைக்குப் பிடித்துவைத்தாற்போல இருந்தது. மேட்டுப்பாதையில் தூக்கிப்போகும்போது உள்ளே ஒன்றும் அசையவில்லை. ஆனாலும் அந்தத் தாய் வெகுநாள் அவரோடு பேசவில்லை.

தோட்ட மேனேஜரான வெள்ளைக்காரத் துரைக்கு அவரிடம் மதிப்பு வந்ததும் இப்படித்தான். துரையின் பங்களாப் படிகளில் மூன்றாவது படி மற்றவற்றைவிட அரை அங்குலம் உயரம் என்று அவர் நேரே துரையிடமே சொல்லிவிட்டார். துரைசானி அந்தப் படியில் இரண்டு முறை தடுக்கி விழுந்திருந்தாள். குடித்திருப்பாள் என்று வேலைக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். துரை கோலை வாங்கித் தானே அளந்து பார்த்தார். அரை அங்குலம். அன்றிலிருந்து தோட்டத்தில் எந்த அளவு கேள்வி வந்தாலும், "அவனைக் கேளு" என்பார் துரை.

பிறகு வெள்ளைக்காரன் போட்ட எமர்ஜென்சி வந்தது. காட்டில் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் ராணுவ லாரிகள். எல்லோருக்கும் அடையாளக் கார்டு வந்தது. லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி வந்தது. காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போகக்கூடாது என்பதற்காக எங்கள் சாப்பாட்டுக்குக் காவல் போட்டார்கள். ஆளுக்கு இவ்வளவுதான் அரிசி என்று வாராவாரம் அளந்து கொடுப்பார்கள். கொழுந்து பறிக்கப் போகும்போது சோறு கொண்டுபோகக்கூடாது. கேட்டில் பெண்களின் கூடையையும் முந்தானையையும் உதறிப் பார்ப்பார்கள். தானா ராத்தா டவுனில் நாங்கள் சாமான் வாங்கும் ராவுத்தர் கடையில் மீன் டின் கேட்டால், ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுத்தான் தருவார். "சட்டம்மா, நான் என்ன செய்ய? இன்னைக்கே சாப்பிட்டுருங்க" என்பார். ஓட்டை போட்ட டின் இரண்டு நாள் தாங்காது. யாரும் எடுத்துவைத்து யாருக்கும் கொடுக்க முடியாது.

வேலிக்கு இடம் குறித்ததும் அவர்தான். லயத்திலிருந்து முப்பதடியில் கம்பம் நடவேண்டும், வேலிக்கு வெளியே இருப்பதை வெட்டிவிடவேண்டும் என்று உத்தரவு. கடைசி வீட்டில், பன்னிரண்டாம் வீட்டில், பாக்கியம் அக்கா இருந்தாள். அவள் புருசனை ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. பிள்ளையில்லை. அவள் போட்டிருந்த சௌசௌ பந்தலின் ஒரு கால், முப்பதடிக்கு அரை அடி வெளியே இருந்தது.

"அரை அடி தள்ளிப் போடுங்கண்ணே. யாரு வந்து பாக்கப் போறா? வாரத்துக்கு நாலு காயாச்சும் கெடைக்குது."

"முப்பதுன்னா முப்பதும்மா," என்றார் அவர். அன்று மதியமே பந்தலை வெட்டினார்கள். பாக்கியம் அக்கா பிஞ்சுகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு போனாள். எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. இந்த மனுசனுக்கு நெஞ்சுக்குப் பதிலாக மரக்கட்டைதான் இருக்கும்போல என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மேலே திறந்துகிடக்கும் சுவர், அவர் காதிலும் விழுந்திருக்கும்.

அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தேன். வேலைக்குப் போகவேண்டாம் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சொல்லிவிட்டதால் பகலில் லயத்தில் நானும் இரண்டு மூன்று கிழவர்களும்தான் இருப்போம். ஒருநாள் காலை, எல்லோரும் கொழுந்துக்குப் போனபிறகு, அவர் நாடாவோடு வந்தார்.

"தங்கச்சி, இந்த முனையக் கொஞ்சம் பிடிக்கிறியா? வீடு வீடா அளந்து படம் போட்டுக் குடுக்கணுமாம். ராணுவத்துக்கு."

எந்த வீட்டில் யார், எத்தனை பேர், வீடு எத்தனை அடி என்று ஒவ்வொரு லயத்துக்கும் படம் கேட்டிருந்தார்கள். சோதனைக்கு வரும்போது கையில் வைத்துக்கொண்டு பார்ப்பதற்காம். கதவைப் பூட்டும் பழக்கம் யாருக்கும் இல்லை. நான் நாடாவின் வளையத்தை ஒரு சுவரோடு பிடித்துக்கொள்வேன். அவர் எதிர்ச்சுவரில் குனிந்து பார்த்துச் சொல்வார். "பத்து." அட்டையில் வைத்த தாளில் எழுதுவார். அடுத்த வீடு. "பத்து." எனக்கு அலுத்துப்போனது. "எல்லாம் பத்துதானே அண்ணே, சும்மா எழுதிக்கலாமே" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் வீட்டுக்கு வந்தோம். அந்த வீட்டின் வெளிப்பக்கச் சுவர்தான் லயத்தின் கடைசிச் சுவர். எல்லா வீட்டையும்போல அங்கேயும் சுவரோரமாக, ஆளுயரத்துக்கு மேலே, ஒன்றரை அடி அகலத்தில் ஒரு பரண் இருந்தது. பரணில் விறகு. அதன் கீழே சுவர் முழுக்கப் பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தது. குளிருக்காக எல்லா வீட்டிலும் ஒட்டியிருப்பதுதான். நான் இந்தப் பக்கம் வளையத்தைப் பிடித்தேன். அவர் அந்தச் சுவருக்குப் போய் நாடாவை இழுத்து வைத்தார். வெகுநேரம் எழவில்லை.

நாடா என் கையில் தொய்ந்தது. அருகில் போய்ப் பார்த்தேன். எனக்கு நாடாவில் எண் படிக்கத் தெரியும். எட்டரை.

அவர் நிமிர்ந்து பரணைப் பார்த்தார். பரணின் விளிம்பும் அந்தச் சுவரும் ஒரே கோட்டில் இருந்தன. மற்ற வீடுகளில் பரணுக்குக் கீழே ஒன்றரை அடி உள்ளே போய்த்தான் சுவர் இருக்கும். விரலை மடக்கி அந்தக் காகிதத்தின்மேல் இரண்டு தட்டுத் தட்டினார். சுவரின் சத்தம் இல்லை அது. பெட்டியின் சத்தம்.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. பாக்கியம் அக்காவின் தம்பி ஒருவன் இரண்டு வருடத்துக்கு முன்னால் காட்டுக்குப் போய்விட்டான் என்பது லயத்துக்கே தெரியும். யாரும் வாய் திறந்து சொல்லமாட்டோம். அவள் ஏன் இப்படி எலும்பும் தோலுமாகப் போகிறாள் என்பதும் அன்றுதான் புரிந்தது.

"அண்ணே... எட்டரைதானே?" என்றேன்.

அவர் தாளில் குனிந்தார். பென்சில் முனை ஒடிந்துபோனது. இடுப்பிலிருந்து உளியை எடுத்து, நின்றபடியே சீவினார். பிறகு எழுதினார்.

"பத்து, தங்கச்சி."

நாடாவைச் சுருட்டிக்கொண்டு ஐந்தடியில் வந்து உட்கார்ந்தார். நான் வீட்டுக்குப் போய்க் கடுங்காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். அவர் தன்னைப் பற்றிப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"சயாம்ல எங்கிட்ட ஒரு கோலு குடுத்திருந்தான் ஜப்பான்காரன். ஒவ்வொரு ஆளும் அன்னைக்கு எவ்வளவு மண்ணு வெட்டினான்னு அளந்து சொல்லணும். ஒருத்தன், பேதியில கெடந்து எந்திரிச்சு வந்தவன், அரை முழம் கொறவா வெட்டியிருந்தான். நான் உள்ளதச் சொன்னேன். அடிச்சே கொன்னுட்டாங்க. நான் அந்த அரை முழத்த விட்டிருந்தா பொழச்சிருப்பான்."

மழை பெய்துகொண்டிருந்தது. அவர் வேலிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கப்புறம் நான் யாருக்கும் கால் அங்குலம் விட்டுக் குடுத்ததில்ல. எப்படிக் குடுப்பேன்? இவனுக்கு விட்டியே, அவனுக்கு ஏன் விடலன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"இப்ப விட்டுட்டீங்களே அண்ணே."

"ஆமா," என்றார். காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து போனார். படத்தை அன்று மாலையே தோட்ட ஆபீஸ் கணக்கரான பெரிய கிராணியிடம் கொடுத்துவிட்டார்.

பாக்கியம் அக்காவிடம் நான்தான் சொன்னேன். அவள் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் வழியில் போய் நின்று, சத்தம் வெளியே போகாத இடத்தில் வைத்து. அவள் மறுக்கவில்லை. தேயிலைப் பெட்டிப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அவளே அடித்த சுவர் அது. உள்ளே அரிசி. தன் பங்கில் பாதியை வாராவாரம் மிச்சம்பிடித்து வைத்தது.

"அவன் வந்து வாங்கிட்டுப் போறானாக்கா?"

"அஞ்சு மாசமா வரல," என்றாள். "வருவான்."

சுவரைப் பிரிக்கவேண்டும். ஆனால் எப்படிப் பிரிப்பது? பலகையிலிருந்து ஆணி பிடுங்கும் சத்தம் பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்கும். லயத்தில் எல்லோரும் நல்லவர்கள்தான் என்று சொல்லலாம். ஆனால் தகவல் சொல்கிறவர்களுக்கு வெகுமதி என்று கேட்டிலேயே ஒட்டியிருந்தது. அதற்கும் வழி சொன்னது அவர்தான். பன்னிரண்டாம் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று கிராணியிடம் சொல்லி, அளந்து இரண்டாம் நாள் பட்டப்பகலில் ஏணி வைத்துக் கூரைமேல் ஏறினார். பாக்கியம் அக்கா உடம்புக்கு முடியவில்லை என்று வேலைக்குப் போகவில்லை. மேலே அவர் தகரத்தை அடிப்பார். அந்த அடியோடு அடியாகக் கீழே நாங்கள் ஆணியைப் பிடுங்குவோம். அவர் நிறுத்தினால் நாங்களும் நிறுத்துவோம். எனக்கு வயிறு இறுக்கிப் பிடித்தது. ஆனாலும் பிடுங்கினேன்.

பலகை விலகியபோது முதலில் வந்தது வாசனைதான். புளித்த, பூசண வாசனை. நான்கு சிறு சாக்குகள். மழை ஈரம் இறங்கி அரிசி கட்டிகட்டியாகப் பச்சை பூத்துக் கிடந்தது. வண்டுகள் ஓடின. பாக்கியம் அக்கா கையில் ஒரு கட்டியை எடுத்து உதிர்த்துப் பார்த்தாள். மேலே சுத்தியல் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. அடிக்கிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

அதைக் கழுவித் தின்னவும் முடியாது, வெளியே கொண்டுபோகவும் முடியாது. சட்டி சட்டியாக எடுத்துப்போய்க் கக்கூசுக் குழியில் கொட்டினோம். லயத்தில் பிள்ளைகள் இரவில் பசியில் அழுதுகொண்டிருந்த காலம் அது. பலகைகளை அவர் கூரைப் பழுதுக்குக் கொண்டுவந்த பலகையோடு சேர்த்துக் கட்டித் தூக்கிப்போனார். போவதற்குமுன் தரையிலும் பரண் விளிம்பிலும் இருந்த ஆணித்துளைகளை மெழுகும் கரியும் வைத்து அடைத்தார். பழைய சுவரில் பழைய காகிதம் ஒட்டினோம். கடைசியாக நாடாவை எடுத்து நீட்டினார். நான் வளையத்தைப் பிடித்தேன்.

"பத்து," என்றார். அந்த ஒரு சொல்லில் அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். காகிதத்தில் எழுதியது இப்போது பொய்யில்லை.

இரண்டு நாள் கழித்து ராணுவ லாரி வந்தது. பெரட்டுக்குப் போனவர்களைத் திருப்பியனுப்பி ஐந்தடியில் அவரவர் வாசலில் நிறுத்தினார்கள். கையில் அவர் வரைந்த படத்தோடு ஒரு வெள்ளைக்கார ஆபீசர். கூடவே துரை, பெரிய கிராணி, ஒரு மலாய்க் கார்ப்பரல். வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் வீட்டில் மெத்தையைக் கிழித்துப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். எனக்கு மூச்சு வந்தது.

பன்னிரண்டாம் வீட்டில் ஒன்றும் இல்லை. ஆபீசர் வெளியே வந்துவிட்டார். அந்தக் கார்ப்பரல்தான் வரவில்லை. நெல் விளையும் ஊரிலிருந்து வந்த ஆள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். சுவர்க் காகிதத்தின்மேல் ஊர்ந்த ஒரு வண்டைப் பிடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். "இது அரிசி வண்டு துவான்," என்றான். கிராணி தமிழில் சொல்லச் சொல்ல நாங்கள் கேட்டோம். வாரத்துக்கு வாரம் தீர்ந்துபோகிற அரிசியில் வண்டு பிடிக்காது. ரொம்ப நாள் தேங்கிய அரிசி இங்கே இருந்திருக்கிறது.

திரும்பவும் உள்ளே போனார்கள். காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது. தரை இடுக்குகளில் வண்டு. வண்டு ஊர்ந்த இடத்தைக் கத்தியால் சுரண்டினால் மெழுகு. மெழுகுக்கு அடியில் வெள்ளை வெளேரென்று புது ஆணித்துளை. ஒன்றரை அடி தள்ளி, ஒரே நேர்க்கோட்டில், சுவர் நெடுக.

பாக்கியம் அக்காவைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். "நான்தான் கட்டினேன், நான்தான் பிரிச்சேன்" என்றாள். "எப்ப பிரிச்சே?" என்று துரை கேட்டார். கிராணி முந்திக்கொண்டான். "ரெண்டு நாளைக்கு முன்னால இங்க கூரை வேலை நடந்திச்சு துரை."

ஆபீசர் படத்தைப் பார்த்தார். படம் நான்கு நாளைக்கு முந்தியது. அப்போது சுவர் இருந்திருக்கவேண்டும். படத்தில் பத்து என்று இருந்தது.

முதல் வீட்டு வாசலிலிருந்து அவரை நடத்திக்கொண்டு வந்தார்கள். எங்கள் எல்லோரையும் தாண்டி, ஐந்தடி முழுக்க நடந்து வந்தார். என்னைத் தாண்டும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன?" என்று துரை தமிழிலேயே கேட்டார்.

"தப்பா அளந்துட்டேன் துரை."

துரை அவரை வெகுநேரம் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. "நீ தப்பா அளக்கமாட்டே," என்றார். வேறு யார் அளந்திருந்தாலும் முட்டாள் என்று இரண்டு அறை அறைந்து விட்டிருப்பார்கள். அவருக்கு அந்த வழி இல்லை.

அப்போது ஆபீசர் என்னவோ கேட்டார். கிராணி அதைத் தமிழில் திருப்பிச் சொன்னான்.

"இவ்வளவு நீள நாடாவ ஒரு ஆளா பிடிக்க முடியாதுங்கறாரு. அந்த முனைய யாரு பிடிச்சா?"

என் வீட்டுக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் அவரிடம் எல்லாம் சொல்லியிருந்தேன். எலும்பு நொறுங்கும் அளவுக்கு இறுக்கினார். எனக்கு என்ன தோன்றியது என்று நான் பலமுறை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். சொல்லிவிடவேண்டும் என்று தோன்றவில்லை. அளவுக்காரர் சொல்லிவிடக்கூடாதே என்றுதான் தோன்றியது.

"யாரும் பிடிக்கல துரை. ஆணியில மாட்டி அளந்தேன்."

"காட்டு," என்றார் ஆபீசர்.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு ஆணியை எடுத்தார். பன்னிரண்டாம் வீட்டுக்குள் போய், இந்தப் பக்கச் சுவரில் அதை அடித்தார். நாடாவின் பித்தளை வளையத்தை அதில் மாட்டினார். நாடாவை இழுத்துக்கொண்டு எதிர்ச்சுவருக்கு நடந்து, குனிந்து, அளவைச் சொன்னார். இப்படியே லயத்துக்காரர்கள் எல்லோரும் பார்க்க, பதினோராம் வீட்டிலும் செய்துகாட்டச் சொன்னார்கள். செய்தார். பழகிய வேலைபோலவே செய்தார். கூட யாரும் இல்லை என்று ஆபீசர் திருப்தியாகத் தலையாட்டினார்.

அவரையும் பாக்கியம் அக்காவையும் ஒரே லாரியில் ஏற்றினார்கள். அவருடைய நாடாவைச் சாட்சிப்பொருள் என்று கிராணி வாங்கி வைத்துக்கொண்டான். லாரியில் ஏறும்போது ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அவர் முதுகில் இடித்தான். தடுமாறி முழங்காலில் விழுந்தார். எழுந்து ஏறி உட்கார்ந்தார். லாரி கேட்டைத் தாண்டி வளைவில் மறையும்வரை அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் யாரைப் பார்க்கிறார் என்று யாராவது கவனிப்பார்கள் என்பதால்தான் திரும்பவில்லை. அது எனக்குத் தெரியும்.

வழக்கு எதுவும் நடக்கவில்லை. அந்தக் காலத்தில் அதற்கெல்லாம் வழக்கு வேண்டியதில்லை. அவர்களைக் கீழே சமவெளியில் முள்கம்பி போட்ட ஒரு முகாமில் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். சொந்தக்காரர்கள் மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கலாம் என்றும் சொன்னார்கள். பாக்கியம் அக்கா மூன்று வருடம் கழித்து வெளியே வந்து, ஈப்போ பக்கம் ஏதோ வீட்டில் வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்வி. அவள் தம்பி என்ன ஆனான் என்று யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு மகள் பிறந்தாள். அந்த லயத்தில் இருக்கவேண்டாம் என்று என் வீட்டுக்காரர் துரையிடம் கேட்டு, கம்போங் ராஜா பக்கம் வேறு தோட்டத்துக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். அளவுக்காரரைப் பற்றி வீட்டில் பேசக்கூடாது என்றார். நான் பேசவில்லை. முகாமுக்கு ஒருமுறை போய்வரலாமா என்று ஒரே ஒருநாள் கேட்டேன். "போயி யாருன்னு சொல்லுவே?" என்றார். பெயரெழுதி, அடையாளக் கார்டு காட்டித்தான் உள்ளே விடுவார்களாம். நான் மறுபடி கேட்கவில்லை.

மகளுக்கு நான்கு வயதாகும்போது ஒரு நாள் முன்மதியம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவன் எங்கள் வாசலில் வந்து தண்ணீர் கேட்டான். ஒடிசலான ஆள். இருமிக்கொண்டே இருந்தான். முகாமிலிருந்து விடுதலையாகி வந்தவன் என்று பேச்சில் தெரிந்தது. நாங்கள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று கேட்டான். அந்தத் தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது.

"அந்தத் தோட்டத்து ஆளு ஒருத்தரு எங்களோட இருந்தாருக்கா. தச்சரு. முகாம்ல துரைமாருங்களுக்கு மேசை நாற்காலி செய்யச் சொல்லிக் கேட்டாங்க. செஞ்சா நல்ல சாப்பாடு கெடைக்கும். எனக்கு வேல தெரியாதுன்னுட்டாரு. ரெண்டு வருசமும் கோலத் தொடல. அப்புறம் கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பிட்டாங்க. அங்க அவருக்கு யாரு இருக்கா? சின்னப் புள்ளையில வந்த மனுசன்."

நான் அவன் கையிலிருந்த குவளையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாசாமாசம் பாக்க வர்றவங்க பேரப் படிப்பாங்கக்கா. எல்லாரும் ஓடிப்போயி நிப்போம். அவரும் வந்து நிப்பாரு, பின்னாடி. ஒரு தடவகூட அவரு பேரு வரல. உங்களுக்கு ஆளில்லையாண்ணேன்னு கேட்டா, இருக்காங்க, தூரம்னு சொல்லுவாரு." அவன் தண்ணீரைக் குடித்துவிட்டுக் குவளையை நீட்டினான். "அவரத் தெரியுமாக்கா உங்களுக்கு?"

உள்ளே என் மகள் பாடிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"இல்ல தம்பி," என்றேன். "நாங்க அங்க ரொம்ப நாள் இருக்கல."